டிஸ்போசல்னா குப்பையில போடுறது இல்லைங்க

உங்க வீட்டு பீரோவுல தாலுகா ஆபீஸ்ல இருந்தோ கலெக்டர் ஆபீஸ்ல இருந்தோ வந்த பழைய லெட்டர் ஒண்ணாவது கிடக்கும், அதை எடுத்து மேல நம்பர் போட்டிருக்கிற இடத்தைப் பாருங்க. ந.க.ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர், ஒரு வருஷம், கடைசியில அ3, ஆ2ன்னு ஒரு எழுத்து இருக்கும். சிலதுல ந.க.வுக்குப் பதிலா மூ.மு.ன்னோ ப.மு.ன்னோ இருக்கும். ஏதோ ஆபீஸ் நம்பர்னு நாம கண்டுக்கிறதே இல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன், பெரியப்பா நிலத்துக்காக அலையுற வரைக்கும்.

பெரியப்பா பேருக்குப் பட்டா மாறி ஒரு பதினஞ்சு வருஷம் கழிச்சு பேங்க் லோனுக்காக அந்த மாறுதல் ஆர்டரோட காப்பி கேட்டாங்க. வீட்ல இருந்த காப்பியைப் பாதி செல்லு தின்னுடுச்சு. ஆபீஸ்ல போய்க் கேட்டா "அது டிஸ்போஸ் ஆன ஃபைலுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எனக்கு வந்துச்சே கோவம், சொத்து சம்பந்தப்பட்ட பேப்பரைக் குப்பையில போட்டுட்டு இவ்ளோ சாதாரணமா சொல்றீங்களேன்னு அங்கேயே சத்தம் போட்டுட்டேன். வேற வேலையா வந்திருந்த ஒரு ரிட்டயர்டு பதிவறை எழுத்தர் என்னைத் தோளைப் புடிச்சு வெளிய டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். "தம்பி, டிஸ்போஸ்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம், தூக்கிப் போட்டாங்கன்னு இல்ல, ரெண்டுக்கும் நடுவுல பல வருஷம் இருக்கு"ன்னார். அன்னிக்கு அவர் சொன்னதும் அப்புறம் நானா தேடித் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இது.

மொதல்ல ஒரு ஃபைல் எப்படிப் பொறக்குதுன்னு பாத்துடலாம். நீங்க குடுக்கிற மனு தபால் பிரிவுக்குப் போகும், அங்க பகிர்மானப் பதிவேடுன்னு ஒரு ரிஜிஸ்டர், அதுல ஏத்தி ஒரு நம்பர் குடுப்பாங்க, அந்த நம்பர்தான் ந.க. எண். எந்த சீட்டுக்கு, அதாவது எந்த கிளார்க்கோட மேஜைக்குப் போகுதுன்றதுதான் கடைசியில இருக்கிற அ3 மாதிரி எழுத்து. அந்த சீட்டு கிளார்க் அதைத் தன்னோட தன்பதிவேட்டுல ஏத்திக்குவார், பர்சனல் ரிஜிஸ்டர்னு சொல்றது அதைத்தான். அப்புறம் வந்த கடிதங்கள் ஒரு பக்கம், ஆபீஸுக்குள்ள எழுதிக்கிற குறிப்பு ஒரு பக்கம்னு ஃபைல் வளரும். இந்த முழு ஏற்பாட்டுக்கும் டாட்டன்ஹாம் முறைன்னு பேரு, மெட்ராஸ் மாகாணத்துல இருந்த டாட்டன்ஹாம்ங்கிற ஐ.சி.எஸ். அதிகாரி பேர்ல வந்தது. வெள்ளைக்காரன் போயி இத்தனை வருஷம் ஆச்சு, கேரளாவுலயும் நம்ம ஊர்லயும் இன்னும் அதே எலும்புக்கூடுதான் ஓடிட்டிருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா யோசிச்சுப் பண்ணின எலும்புக்கூடு.

ஆர்டர் போட்டு உங்களுக்கு அனுப்பினதும் ஃபைலை மூடணும் இல்லையா, அதுக்குப் பேருதான் டிஸ்போசல், தமிழ்ல முடிவு. மூடும்போது சும்மா மூட முடியாது, எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்னு ஒரு எழுத்துப் போட்டுத்தான் மூடணும். ஆர்.டிஸ்னா நிரந்தரமா வெச்சிருக்கிறது. டி.டிஸ்னா 10 வருஷம், தமிழ்ல ப.மு. கே.டிஸ்னா 3 வருஷம், அதுதான் மூ.மு. எல்.டிஸ்னா 1 வருஷம், ஓ.மு. இதுபோக என்.டிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆபீஸ்ல எதுவுமே தங்காது, வந்த பேப்பர் மேலயே பதில் எழுதி வந்த இடத்துக்கே திருப்பிடுவாங்க. இப்ப அந்த பீரோ லெட்டரைத் திரும்பப் பாருங்க. மேல மூ.மு.ன்னு இருந்தா அந்த ஆபீஸ் உங்க ஃபைலுக்கு 3 வருஷம்தான் ஆயுசு குறிச்சிருக்கு, ப.மு.ன்னா 10. கணக்கு நீங்க மனு குடுத்த நாள்ல இருந்து ஆரம்பிக்கிறது இல்ல, ஃபைல் முடிஞ்சதுல இருந்து. 2008-ல மனு குடுத்து 2012-ல முடிஞ்ச மூ.மு. ஃபைல் 2015 வரைக்கும் இருந்தாகணும்.

இதுல என்ன கொடுமைன்னா அந்த எழுத்தை மொதல்ல எழுதுறது யாரு, கட்டுக்கட்டா பேப்பருக்கு நடுவுல உக்காந்திருக்கிற அந்த சீட்டு கிளார்க். மேல கண்காணிப்பாளர் பார்த்து ஒத்துக்கணும்னு முறை இருக்கு, ஆனா மாசக் கடைசியில நிலுவைப் பட்டியலைக் குறைச்சுக் காட்டணும்ங்கிற அவசரத்துல நூறு ஃபைல் ஒரே நாள்ல மூடும்போது எல்லாத்துக்கும் ஒரே எழுத்து விழுறதும் உண்டு. லீவ் லெட்டருக்கும் வாரிசுத் தகராறு விசாரணைக்கும் ஒரே ஆயுசு. டீக்கடை பெரியவர் இதைச் சொல்லும்போது சிரிச்சார், "முப்பது வருஷத்துல நான் அடிச்ச சண்டைல பாதி இந்த எழுத்துக்காகத்தான், 3 போட்டு வந்ததை 10 ஆக்குங்கன்னு திருப்பி அனுப்புவேன், என்னை ஒருத்தனுக்கும் புடிக்காது"ன்னார்.

அப்ப எதை எவ்ளோ நாள் வெச்சிருக்கிறதுன்னு எதை வெச்சு முடிவு பண்றது? பேப்பரோட வயசோ தடிமனோ கணக்கே இல்ல, பின்னாடி யாருக்கு எதுக்கு இது தேவைப்படும்ங்கிறதுதான் கேள்வி. மத்திய அரசு ஆபீஸ்கள்ல சம்பளப் பட்டியல் பதிவேட்டை 35 வருஷம் வெச்சிருக்கணும்னு விதி இருக்கு. என்னடா 35ன்னு தோணுதா? ஒரு ஆள் இருபத்தஞ்சு வயசுல வேலைக்குச் சேர்ந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் கிட்டத்தட்ட அவ்ளோ வருஷம், பென்ஷன் தகராறு வந்தா மொத மாசச் சம்பளம் வரைக்கும் பார்க்க வேண்டி வரலாம். ஆடிட் ஆட்சேபணை தீராத கணக்குப் பேப்பர், கோர்ட்ல கேஸ் நடக்கிற ஃபைல், விஜிலென்ஸ் விசாரணையில இருக்கிறது, ஆர்.டி.ஐ.ல கேட்டு பாக்கி இருக்கிறது, இதையெல்லாம் காலம் முடிஞ்சு போச்சுன்னாலும் தொடக் கூடாது. மத்திய அரசுல எழுத்துக்கூட வேற, அங்க ஏ, பி, சின்னு மூணு வகுப்பு. ஏ-ன்னா நிரந்தரம், அதோட மைக்ரோஃபிலிமும் எடுக்கணும். பி-யும் நிரந்தரம், ஃபிலிம் மட்டும் வேண்டாம். சி-ன்னா 10 வருஷத்துக்கு மிகாம ஒரு காலம். ஒவ்வொரு துறையும் எந்த மாதிரிப் பேப்பருக்கு எத்தனை வருஷம்னு ஒரு அட்டவணை போட்டு வெச்சிருக்கணும், அதைத்தான் ரிடென்ஷன் ஷெட்யூல்ம்பாங்க. அட்டவணை ஒழுங்கா இருந்தா கிளார்க் யோசிச்சு எழுத்துப் போட வேண்டிய அவசியமே பாதி குறைஞ்சிடும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், எனக்கு அன்னிக்குத் தலையில ஏறினது இதுதான். ஃபைல் வேற, ரிஜிஸ்டர் வேற. ஃபைல்ங்கிறது ஒரு முடிவுக்கு எப்படி வந்தாங்கன்ற வழி. மனு, விசாரணை, வி.ஏ.ஓ. ரிப்போர்ட், ஆட்சேபணை எல்லாம் அதுல இருக்கும். ரிஜிஸ்டர்ங்கிறது அந்த முடிவோட பலன். பலன் நிரந்தரமா ஒரு இடத்துல ஏறிட்டா வழியைக் கொஞ்ச நாள்ல அழிக்கலாம்னு இந்த முறையைப் போட்டவங்க நினைச்சிருக்காங்க. பிறப்புச் சான்றிதழுக்கு நீங்க குடுத்த விண்ணப்பம் இல்லாம போயிடலாம், பிறப்புப் பதிவேட்டுல உங்க பேரு இருந்துட்டே இருக்கும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னும் சுவாரசியமா இருக்கு. 1908 பதிவுச் சட்டப்படி ஒருத்தர் பத்திரத்தைப் பதிஞ்சுட்டு வாங்கவே வராம 2 வருஷத்துக்கு மேல போட்டு வெச்சா அந்த ஒரிஜினலை அழிக்கலாம், உயிலை மட்டும் அழிக்கக் கூடாது. ஆனா நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரம்னா அதுல என்ன எழுதியிருந்துச்சோ அது 1-ம் புத்தகத்துல நகலா இருக்கும், அதுல இருந்து எப்ப வேணா சான்று நகல் வாங்கிக்கலாம். கிராமக் கணக்குலயும் இப்படித்தான், ஊர்ல எந்த நிலம் யாருதுன்னு சொல்ற அ-பதிவேடு கூடவே நிக்கும், அதுக்குப் பின்னாடி நடந்த கடிதப் போக்குவரத்து நிக்காது. ஒரு விஷயம் கவனம், கிராமக் கணக்கெல்லாம் பசலி ஆண்டு கணக்குல இருக்கும், ஜூலை 1-ல ஆரம்பிக்கிற வருஷம், அந்த ஜூலை வர்ற ஆங்கில வருஷத்துல 590-ஐக் கழிச்சா பசலி. 2009 ஜூலையில இருந்து 2010 ஜூன் வரைக்கும் 1419. 2010 அடங்கல்னு கேட்டுட்டுப் போய் நின்னா 1419-ஆ 1420-ஆன்னு அங்க திருப்பிக் கேப்பாங்க, முழிக்காம இருக்க இதைத் தெரிஞ்சுக்கங்க.

மூடின ஃபைல் பதிவறைக்குப் போகும். தைச்சு, பக்க நம்பர் போட்டு, வருஷ வாரியா, முடிவு எண் வாரியா கட்டுக் கட்டி அலமாரியில அடுக்கணும். பேப்பர்ல சொல்றதுக்கு நல்லா இருக்கு, நெசத்துல பல பதிவறைக்கு ஜன்னலே இருக்காது, இருந்தா மழைச் சாரல் அடிக்கிற பக்கம் இருக்கும், ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலி எல்லாம் அங்கதான் தஞ்சம். கரையான், வெள்ளிப்பூச்சி, எலி மூணுக்கும் முடிவு எழுத்து தெரியாது, நிரந்தரக் கட்டைத்தான் மொதல்ல தின்னும் போல. தீயும் அப்படித்தான். 2012 ஜனவரியில சென்னை சேப்பாக்கத்துல கலஸ் மஹால் எரிஞ்சப்ப உள்ள இருந்த அரசு ஆபீஸ் ஃபைல்களும் சேர்ந்து போச்சு, அதே வருஷம் ஜூன்ல மும்பையில மகாராஷ்டிரா தலைமைச் செயலகமான மந்திராலயாவே எரிஞ்சது. 3 வருஷம், 10 வருஷம்னு காலம் முடிஞ்சதை அப்பப்போ ஒழுங்கா கழிச்சுவிட்டிருந்தா, காக்க வேண்டியதைத் தனியா நல்ல ரூம்ல வெச்சிருக்க இடம் கிடைச்சிருக்கும்ல. அழிக்க வேண்டியதை அழிக்காம குவிச்சு வைக்கிறதும் ஒரு வகையில காக்க வேண்டியதைக் கொல்றதுதான்னு எனக்குத் தோணும், நிறைய பேர் அழிப்புன்னாலே ஊழல்னு நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கல.

ஆனா அழிக்கிறதுக்கு முறை இருக்கு. காலம் முடிஞ்ச ஃபைலைப் பட்டியல் எடுக்கணும், அதிகாரி ஒருத்தர் திரும்பப் பார்க்கணும், உத்தரவு வாங்கணும், ரகசியப் பேப்பரை எரிக்கவோ மெஷின்ல நறுக்கவோ செய்யணும். மத்திய அரசுக்குன்னு பொது ஆவணச் சட்டம் 1993-ல வந்தது, விதிகள் 1997-ல. அதுப்படி அழிக்கப் போற ஆவணங்களோட பட்டியலை நிரந்தரமா வெச்சிருக்கணும், ஃபைல் போனாலும் போன கணக்கு இருந்தாகணும். முறை தவறி அழிச்சா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 1892-க்கு முன்னாடி உருவான ஆவணம்னா, எதுக்குமே பயன்படாத அளவுக்குச் சிதைஞ்சு போச்சுன்னு ஆவணக் காப்பகத் தலைவரே கருதினா ஒழிய தொடவே முடியாது. இந்தச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேசம், அவங்க பொதுத்துறை நிறுவனங்களுக்குத்தான், நம்ம மாநில ஆபீஸ்கள்ல நான் மேல சொன்ன டாட்டன்ஹாம் முறைதான் ஓடுது.

முறை இருந்தும் தப்பு நடக்கும், பெரிய இடத்துலயே நடந்திருக்கு. நேதாஜி மரணம் சம்பந்தமான விசாரணை பத்தின ஒரு ஃபைல் பிரதமர் ஆபீஸ்ல இருந்துச்சு, அதை 1972-ல வழக்கமான களையெடுப்புல அழிச்சுட்டோம்னு அரசே பின்னாடி சொன்னது. அந்த 1972-ல நேதாஜி மரணத்தை விசாரிக்க 1970-ல போட்ட கோஸ்லா கமிஷன் உக்காந்து விசாரிச்சுட்டு இருந்துச்சுங்க! யாரோ ஒருத்தர் பட்டியல்ல டிக் அடிச்சுட்டாரா, இல்ல வேணும்னு பண்ணாங்களான்னு இன்னிக்கும் சண்டை போட்டுட்டிருக்காங்க.

அழிக்காததையும் ஆபீஸ்லயே வெச்சுக்கிட்டிருக்கக் கூடாது, அது இன்னொரு பக்கம். நிரந்தர மதிப்புள்ளதை 25 வருஷம் ஆனதும் பரிசீலிச்சு டெல்லியில தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் குடுக்கணும். அது 1891 மார்ச்ல கல்கத்தாவுல ஆரம்பிச்சது, அப்புறம் டெல்லிக்குப் போச்சு. ஆனா குடுக்கிறாங்களா? 2022 டிசம்பர்ல காப்பகத் தலைவரே வெளிப்படையா சொன்னார், 1962, 1965, 1971 போர்கள் பத்தியும் பசுமைப் புரட்சி பத்தியும் எங்ககிட்ட ஆவணம் இல்லைன்னு. மூணு போர் நடந்திருக்கு, அதோட பேப்பர் வரலாறு காப்பகத்துக்கு வந்து சேரல!

நம்ம ஊருக்கு சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சிவப்புக் கட்டடம், 1909-ல மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸா வந்தது. கம்பெனி காலத்துப் பேப்பரெல்லாம் அங்க இருக்கு. இதுல ஒரு வேடிக்கை, 200 வருஷத்துக்கு முன்னாடி துணிக் கந்தல்ல இருந்து செஞ்ச காகிதம் இன்னும் கெட்டியா இருக்கும், 1970-கள்ல வந்த மரக்கூழ்க் காகிதம் பழுப்பேறி மடிச்சா ஒடியும், உள்ள இருக்கிற அமிலம் அப்படி. ஃபேக்ஸ் பேப்பர் அதைவிட மோசம், எழுத்தே தானா மறைஞ்சிடும். அதனால ஃபேக்ஸ்ல வந்த உத்தரவை உடனே ஜெராக்ஸ் எடுத்து வைக்கணும்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க.

இப்ப எல்லாம் இ-ஆபீஸ் ஆயிடுச்சே, கம்ப்யூட்டர்ல இடம் பிடிக்குமா என்னன்னு கேக்கலாம். இடம் பிடிக்காது, அதுதான் சிக்கலே, யாரும் எதையும் மூடி எழுத்துப் போடவே அவசரப்பட மாட்டாங்க. அதைவிடப் பெருசு, பத்து வருஷம் கழிச்சுத் திறக்க முடியணும்ல. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துலயே இருக்கு, மின்னணு ஆவணத்தைப் பின்னாடி எடுத்துப் பார்க்கிற மாதிரி வைக்கணும், எங்க இருந்து எப்ப வந்துச்சுன்ற விவரமும் கூட இருக்கணும்னு. நம்ம ஆபீஸ்கள்ல நடந்ததைச் சொல்றேன், ரொம்ப வருஷம் வானவில் ஃபாண்ட்ல அடிச்சாங்க. அந்த ஃபைலை இன்னிக்கு அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கொத்தாக் கொட்டும். 2010-ல தமிழ்நாடு அரசு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுதான் இனிமேன்னு ஆணை போட்டது. அதுக்கு முன்னாடி அடிச்சு, பிரிண்ட்டும் எடுக்காம சிடியில மட்டும் வெச்சது இருக்கே, அதை ஒரு கரையானும் தொடல, ஆனா படிக்க முடியல.

சரி, உங்க ஃபைல் வேணும்னா என்ன பண்ணணும்? "என் ஃபைல் எங்க"ன்னு மட்டும் கேட்டா "இல்ல"ன்னு ஒரு பதிலோட முடிஞ்சிடும். ஆர்.டி.ஐ.ல கேக்கும்போது இந்த ந.க. எண் எந்தத் தேதியில, எந்த முடிவு வகையில முடிக்கப்பட்டது, தன்பதிவேட்டுல அந்தப் பக்கத்தோட நகல், அழிச்சிருந்தா அழிப்புப் பட்டியலும் அனுமதி உத்தரவும், இப்படிக் கேளுங்க. ஆவணங்களைப் பட்டியல் போட்டு, இன்டெக்ஸ் போட்டு வெச்சிருக்கணும்னு ஆர்.டி.ஐ. சட்டத்தோட 4-வது பிரிவே சொல்லுது. காணாமப் போச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஒரு காலத்துல ஆபீஸ்ல இருந்த தகவல்னா நல்லாத் தேடணும், கிடைக்கலேன்னா யார் பொறுப்புன்னு பார்க்கணும்னு டெல்லி ஹைகோர்ட் 2013-லயே சொல்லிடுச்சு. நீங்க கேட்டதுக்கப்புறம் வேணும்னே அழிச்சா அந்தத் தகவல் அலுவலர் கையில இருந்து 25,000 ரூபாய் வரைக்கும் போகும்.

நாங்க ஆர்.டி.ஐ. வரைக்கும் போகல. அந்தப் பெரியவரே அடுத்த நாள் கூட வந்து, பழைய தன்பதிவேட்டை எடுக்கச் சொன்னார். எங்க நம்பருக்கு நேரா சிவப்பு மையில மூ.மு.ன்னு இருந்துச்சு, அழிப்புப் பட்டியல்லயும் அந்த எண் இருந்துச்சு, தேதியும் கையெழுத்தும் சரியா இருந்துச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் முந்தின நாள் சத்தம் போட்டதுக்கு வெக்கப்பட்டேன். ஆர்டர் நம்பர், தேதி ரெண்டையும் குறிச்சுக்கிட்டு அ-பதிவேட்டு நகலும் சிட்டாவும் வாங்கினோம், ஃபைல் காலம் முடிஞ்சு முறைப்படி அழிக்கப்பட்டதுன்னு ஆபீஸ்ல ஒரு லெட்டரும் குடுத்தாங்க. பேங்க்ல மூணையும் சேர்த்து வெச்சதும் ஒத்துக்கிட்டாங்க. அந்த லெட்டரோட மேல் ஓரத்தை வெளிய வந்ததும் பார்த்தேன், ஓ.மு. போட்டிருந்துச்சு, அன்னிக்கே ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டேன்.